நூற்றுக்கு ஏழு

எனக்குச் சாப்பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. எது கொடுத்தாலும் சாப்பிடுவேன். என்னை இங்கே அடைத்துவைத்து ஒன்பது நாளாகிறது, உங்கள் சமையலைப் பற்றி ஒரு குறை சொல்லியிருப்பேனா? பக்கத்து அறைக்காரர் தினமும் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறார். அவருக்கு நாக்கு இருக்கிறது, அடிக்கிறார்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் விரல்களைப் பார்த்தால் எழுத்தர் குலம் என்று தெரிகிறது. போர் நின்ற பிறகு உத்தியோகத்துக்கு வந்தவர் போலிருக்கிறது, வயதும் குறைவு. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். தெரிந்ததாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹாரேன். நாசியர் குலம், ஹா வரிசை. பிறப்பகத் தொட்டியிலிருந்து எங்களை நாற்பது பேராக ஒரே நாளில் எடுத்தார்கள். ஒரு வரிசைக்கு ஒரே முதலெழுத்து என்பது நம் கோரெத் பேரரசின் வழக்கம், ஆகவே நாற்பது பேரும் ஹாவில்தான் தொடங்குவோம். ஆளுக்கொரு வாயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு ஏழாம் வாயில் கிடைத்தது. போர்முனையிலிருந்து திரும்புகிற கப்பல்கள் முதலில் அங்கேதான் வந்து ஒட்டும். அங்கே நாங்கள் பார்த்து விட்ட பிறகுதான் கீழே ஊருக்குள் போகலாம்.

நாங்கள் பார்ப்பது என்றால் மோப்பம் பிடிப்பது. முந்நூறு வருடமாக நமக்கும் ஓஷானருக்கும் நடந்த சண்டை எதைப் பற்றியது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். இரண்டு பேரில் யார் உண்மையான மனிதர் என்பதுதான் வழக்கு. நாம் வேலைக்கொரு குலம் வளர்த்தோம். தூக்குகிறவனுக்குத் தோள், எழுதுகிறவனுக்கு விரல், எனக்கு மூக்கு. அவர்கள் ஒரே ஒரு குலத்தை வளர்த்தார்கள், அந்தக் குலம் யாராக வேண்டுமானாலும் மாறும். நம் ஆளை உயிரோடு பிடித்துவைத்து, அவன் முகம், குரல், நினைவு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு அவனுடைய கப்பலிலேயே திரும்பி வரும். பிறப்பகத் தாலாட்டைப் பாடச் சொன்னால் பாடும். சின்ன வயதில் விழுந்த தழும்பைக் காட்டும். அழ வேண்டிய இடத்தில் சரியாக அழும். பிடரியின் வாசத்தை மட்டும் அதனால் மாற்ற முடியாது. அதை ஒரு நாசியனைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

முறை எளிமையானது. வந்தவரை ஒரு முக்காலியில் உட்காரவைப்பார்கள். நான் பின்னால் நின்று பிடரியில் மூன்று மூச்சு இழுப்பேன். நம்மவர் என்றால் பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் சூடான வேர்க்கஞ்சி ஊற்றிக் கையில் கொடுப்பேன். இல்லையென்றால் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பேன். நாசியன் பேசக் கூடாது, காரணம் சொல்லவும் தேவையில்லை. கஞ்சி கிடைத்தவருக்குக் காவலர் உள்கதவைத் திறப்பார். கவிழ்ந்தவருக்குக் குளிர்க்கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் காற்று கிடையாது. பன்னிரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும், வலிக்காது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

இன்னொன்று. ஒரு நாசியனைப் பார்த்து, 'எதற்கும் இன்னொரு தடவை மோந்து பாருங்கள்' என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னவருக்கு அன்றோடு வேலை போய்விடும். மூக்கு பொய் சொல்லாது என்று நம் பிள்ளைகள் பாட்டாகவே படிக்கிறார்கள். காகிதம் பார்ப்பது, சாட்சி கேட்பது, சொந்தக்காரரைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொல்வது எல்லாம் எங்கள் குலம் வந்த பிறகு நின்றுபோன பழக்கங்கள்.

முதல் பதினைந்து வருடம் நான் நல்ல நாசியன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, என் சார்பில் சொல்ல இப்போது யாரும் இல்லை. ஓஷானர் பிடரியில் ஈர இரும்பு போல ஒரு வாசம் வரும். கதவுக்கு வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும், மூன்று மூச்சு என்பது சடங்குக்குத்தான். ஒரு வருடம் நூற்றுக்கு ஐந்து பேர் இருப்பார்கள், ஒரு வருடம் ஒன்பது. மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு. எல்லா வாயில்களிலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

பதினாறாவது வருடம் ஒருவர்கூட வரவில்லை. வருடம் முழுக்கக் கஞ்சி ஊற்றிக்கொண்டே இருந்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். மற்ற வாயில்களிலும் அப்படியே என்று பிறகு தெரிந்தது. ஓஷானர் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்களோ என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு மோப்பம் பிடிப்பதற்குத்தான், யோசனை சொல்வதற்கு வேறு குலம் இருந்தது. அந்தக் குலம் யோசித்தது. எதிரி நிறுத்தியிருக்க மாட்டான், ஆகவே நாசியர்களின் மூக்கு மழுங்கிவிட்டது என்று முடிவுசெய்தது. பிறப்பகத்திலிருந்து கூர் ஊசி என்று ஒன்றை எல்லா வாயில்களுக்கும் அனுப்பினார்கள்.

போட்டுக்கொண்டேன். மூன்று நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நான்காம் நாள் காலையில் எழுந்தபோது ஒன்றுமே இல்லை. என் போர்வை, என் கை, நிலையத்து எண்ணெய், எதற்கும் வாசம் இல்லை. சுவரைப் போய் முகர்ந்து பார்த்தேன். பார்வையால் வாழ்கிறவருக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உலகத்தைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

ஏன் உடனே மேலே சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். அப்போதிருந்த சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு வரிசையில் ஒருவனுக்குப் பழுது என்றால் அந்த வரிசைக்கே பழுது. நாற்பது பேரையும் திரும்ப அழைத்துப் பிறப்பகத் தொட்டியிலேயே கரைத்துவிடுவார்கள். எனக்கு முந்திய தே வரிசைக்கு அப்படித்தான் நடந்தது, அவர்களில் ஒருவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் வாயைத் திறந்தால் என் சகோதரர்கள் முப்பத்தொன்பது பேர் போவார்கள். என் உயிரை நான் பெரிதாக நினைக்கவில்லை. சகோதரர்களுக்காகத்தான் பேசாமல் இருந்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து வாரம் வந்தவர் எல்லோருக்கும் கஞ்சி கொடுத்தேன். யாருக்கும் தீங்கில்லாத வழி அதுதான் என்று நினைத்தேன். ஆறாவது வாரம் மேற்பார்வை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊசி போட்ட பிறகும் ஏழாம் வாயிலில் ஒரு கிண்ணம்கூடக் கவிழவில்லையே, பிறப்பகத்துக்கு வந்து சோதனைக்கு உட்படவும் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் வந்த அன்று மதியம் ஒரு கப்பல் வந்தது. அதில் சுமையர் குலத்து ஆள் ஒருவர். ஒரு கால் இல்லை. கீழே அவரை எதிர்பார்த்து யாரும் பெயர் பதிந்திருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து ஏதோ கொட்டையை மென்றுகொண்டிருந்தார். நான் மூன்று மூச்சு இழுத்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஏதோ கை தவறிப்போச்சு போல," என்றார். அவ்வளவுதான். காவலர் அவரைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது, கால் இல்லை அல்லவா.

அடுத்த வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது. ஊசி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அதன் பிறகு நான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். மனம்போன போக்கில் கவிழ்ப்பது நியாயமில்லை. நூற்றுக்கு ஏழு என்பது பழைய கணக்கு, அதற்கு மேல் ஒன்றுகூடப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். யார் அந்த ஏழு என்பதிலும் எனக்கு ஒரு முறை இருந்தது. கீழே யாரும் காத்திருக்காதவர்கள் முதலில். பிறகு பிழைக்க மாட்டார்கள் என்று தெரிகிற காயக்காரர்கள். முகம் பிடிக்காதவர் என்று நான் ஒருவரையும் கவிழ்த்ததில்லை. வாயில் காவலர்களிடம் வம்புக்கு நின்ற ஒருவனை, அவனைக் கவிழ்த்தால் அது என் கோபமாகிவிடும் என்பதற்காகவே, கஞ்சி கொடுத்து அனுப்பினேன். என் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் இவ்வளவு பார்த்திருப்பானா என்பது சந்தேகம்.

ஊசி போட்ட நான்காவது வருடம் எங்கள் வரிசை விருந்து வந்தது. குலத்துக்குக் குலம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். நாற்பது பேரும் தலைநகரத்தில் ஒரு கூடத்தில் கூடி மூன்று நாள் சாப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்புவோம். எனக்குப் பயம். நாற்பது மூக்குகளுக்கு நடுவே ஒரு செத்த மூக்கு எப்படி ஒளியும்? கிட்டத்தில் உட்கார வேண்டாம் என்று ஓரமாகப் போனேன். ஹாதீல் விடவில்லை. அவன் பன்னிரண்டாம் வாயில்காரன், வரிசையிலேயே கலகலப்பானவன்.

"என்னடா ஹாரேன், ஓரத்துல போய்க் குந்திட்ட? குளிக்காம வந்துட்டியா?" என்று இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். "எத்தனை கிண்ணம்டா உனக்கு இந்த வருஷம்?"

"நூத்துக்கு ஏழு," என்றேன்.

அவன் சிரிப்பு ஒரு கணம் நின்றது. "எனக்கும் அதேதான்," என்றான். "மூக்குன்னா நம்ம மூக்குடா."

சூப்பு வருவதற்காகக் காத்திருந்தோம். கூடத்தை ஒட்டித்தான் சமையலறை. பேச்சு, பாட்டு, பழைய கதை எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அப்போது பரிமாறும் பெண் ஒருத்தி வெளியிலிருந்து உள்ளே வந்தாள். வந்தவள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யே, என்ன இப்படிக் கருகுது? அண்டா அடிப்பிடிச்சு இந்த நாத்தம் நாறுது, இத்தனை மூக்கரு உக்காந்திருக்கீங்க, ஒருத்தராவது குரல் குடுக்கக் கூடாதா?"

எல்லோரும் சமையலறைப் பக்கம் திரும்பினோம். பிறகு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். "அப்பவே வந்துச்சு." "நான் சொல்லணும்னுதான் இருந்தேன்." "ரொம்ப நேரமா அடிக்குது." ஹாதீல் தன் மூக்கைச் சுருக்கிக் காட்டினான். நானும் சுருக்கினேன். எல்லோரும் சுருக்கினார்கள். நாற்பது முகங்களும் ஒரே அச்சு அல்லவா, கண்ணாடிக்கு முன்னால் நிற்பது போல் இருந்தது.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஊசி எல்லோருக்கும் போட்டார்கள். எல்லோருக்கும் போய்விட்டது. நாற்பது வாயில்களிலும் ஒரு மூக்குகூட இல்லை. எல்லோரும் நூற்றுக்கு ஏழு. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அதே நிமிடம் தெரிந்திருக்கும், எங்களுக்கு மூளையும் ஒரே அச்சுதான். பூனைக்கு யார் மணி கட்டுவது? சூப்பு வந்தது. சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது என்று ஹாதீல் சொன்னான். மூன்றாம் நாள் கட்டிப்பிடித்து விடைபெற்றோம். அன்று கப்பலில் திரும்பும்போது நான் மனதார அழுதேன், துக்கத்தில் இல்லை. ஊசிக்குப் பிறகான பதினோரு வருடத்தில் நான் தனியாக இல்லை என்று உணர்ந்தது அன்று ஒரு நாள்தான்.

அப்போதே சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். கணக்கு சரிதான். எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்குமுன் சொல்லியிருந்தால் என் மூக்கு ஒன்றுதான் கெட்ட மூக்கு. அன்றைக்குப் பிறகு சொன்னால் முழுப் பேரரசுக்கும் காவல் இல்லை என்று ஆகிவிடும். கீழே எழுநூறு கோடிப் பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூக்கத்தைக் கெடுக்க நான் யார்?

மிருவாவைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

மிருவா ஏழாம் வாயிலின் கதவுக் காவலர். என்னோடு அந்தப் பதினோரு வருடமும் வேலை பார்த்தவள். இரண்டு கதவுகளின் சாவியும் அவளிடம்தான் இருக்கும். காவலர் குலத்தில் இரண்டிரண்டு பேராகத்தான் வளர்ப்பார்கள், ஒரே ஜாடியில். அவளோடு ஜாடியில் இருந்தவள் தெஸ்னி. சில நிமிடங்கள் பிந்தி எடுத்ததால் தங்கை. போர்முனையில் ஆறு வருடமாக இருந்தாள். மிருவா வாய் ஓயாமல் அவளைப் பற்றியே பேசுவாள். அவள் ஒரு சோம்பேறி, அவளுக்குப் பல்வரிசை கோணல், அவள் சாப்பிட்டால் பாத்திரம் கழுவ மாட்டாள். திட்டுகிற மாதிரித்தான் பேசுவாள்.

ஊசிக்குப் பிறகு ஆறாவது வருடம் மழைமாதத்தில் ஒரு கப்பல் வந்தது. பத்தொன்பது பேர். எல்லோரும் நடக்கக்கூடியவர்கள், எல்லோருக்கும் கீழே ஆள் காத்திருந்தது. அந்த வருடத்தில் அதுவரை என் கணக்கு கொஞ்சம் குறைந்திருந்தது, அதற்காகவோ என்னவோ ஒர்மாத் என்ற மேற்பார்வையாளர் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு கேட்காது, பார்வைதான். பதினெட்டுப் பேருக்கு வரிசையாகக் கஞ்சி கொடுத்தேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பத்தொன்பதாவது ஆள் தெஸ்னி.

அவளுக்கும் கஞ்சி கொடுப்பதாகத்தான் இருந்தேன். இது முக்கியம். கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். மிருவா வாசலில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டப்படி கஞ்சி கிடைப்பதற்குமுன் தங்கையைத் தொடக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தெஸ்னி காலில் பெரிய கட்டுப் போட்டிருந்தாள். நான் பின்னால் போய்க் குனிந்தபோது திரும்பிச் சிரித்தாள். பல்வரிசை கோணல்தான்.

"ரொம்பக் கிட்ட வராதீங்கண்ணே. கால் அழுகிப் போய்க் கெடக்கு. கப்பல்ல ஒரு பய என் பக்கத்துல படுக்கல, அப்படி நாறுது," என்றாள்.

"அப்படியொன்னும் தெரியலம்மா," என்றேன்.

மரியாதைக்காகச் சொன்னது. நாசியன் பேசக் கூடாது என்று விதி வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கே, மூக்கரு உங்களுக்கே தெரியலையா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. காவலர் குலத்துக்கு அதுதான் வேலை, எது சரியில்லை என்று பார்ப்பது. என் மூக்கைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறக்கவும் நான் கிண்ணத்தைக் கவிழ்க்கவும் சரியாக இருந்தது.

மிருவா கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். ஆறு வருடமாக நான் கவிழ்த்த ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கதவு திறந்தவள் அவள். அவர்கள் எல்லோரும் 'நான்தான், நான்தான்' என்று கதறுவதைக் கேட்டுக்கொண்டே திறந்தவள். இன்று ஒன்று தப்பு என்று சந்தேகப்பட்டால் மற்றவை எல்லாம் என்ன ஆவது? நேரே போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவருக்கு மோப்பம் இல்லக்கா. நெசமாத்தான். என் காலை மோந்து பாக்கச் சொல்லு," என்றாள் தெஸ்னி.

"அவ குரல்ல பேசாத," என்றாள் மிருவா.

"அக்கா."

"அந்தப் பல்லைக் காட்டாத எங்கிட்ட. நட."

தெஸ்னி திமிறவில்லை. நொண்டிக்கொண்டே கூட நடந்தாள். குளிர்க்கதவுக்கு முன்னால் நின்றபோது தணிந்த குரலில், "சரி. ஆனா நீ தொறக்காதக்கா. வேற யாரையாச்சும் வந்து தொறக்கச் சொல்லு. பின்னாடி உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்ட," என்றாள்.

ஓஷானர்தான் எவ்வளவு தந்திரமாகப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நொடி நானே நம்பினேன், ஐயா. என் மூக்கு திரும்பி வந்து சொன்ன மாதிரி அவ்வளவு உறுதியாக நம்பினேன். அந்த ஒரு நொடிக்குள் மிருவா சாவியைத் திருப்பிவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒர்மாத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பிறகு மிருவா என்னிடம் வந்தாள்.

"நல்லவேளைண்ணே. நீங்க இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பக்கத்துல படுக்கவச்சிருப்பேன்." சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, "உசுரோட இருக்கிறவங்க முகத்தைத்தானேண்ணே அதுங்களால எடுக்க முடியும்? செத்தவங்க முகத்தை எடுக்க முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா."

"அப்ப அவ இன்னும் இருக்கான்னுதான அர்த்தம்? எங் கழுதை இன்னும் எங்கயோ உசுரோடதான் இருக்கா."

"இருப்பாம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் விடுப்பே எடுக்கவில்லை. எந்தக் கப்பலில் தங்கை வந்துவிடுவாளோ, தான் இல்லாத நாளாகப் போய்விடுமோ என்று பயம். ஒவ்வொரு மழைமாதமும் அந்தத் தேதியில் எனக்கு ஏதாவது பலகாரம் செய்து கொண்டுவருவாள். தன்னை ஏமாறாமல் காப்பாற்றியதற்கு நன்றியாம். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்பதால் முழுவதையும் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்பேன். போர் நின்று இரண்டு வருடமாகிறது, வாயிலும் மூடிவிட்டார்கள். இப்போது கைதிகளைத் திருப்பி அனுப்பும் கப்பல்துறையில் போய் நிற்கிறாளாம். அவளிடம் இதையெல்லாம் சொல்லப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவளுக்கு இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதை நான்தான் கொடுத்தேன், நீங்கள் ஏன் பிடுங்க வேண்டும்?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்களுடையது பதினோரு வருடம் ஓடியது. நாற்பது வாயில்களின் புத்தகங்களையும் உங்கள் கூட்டு ஆணையம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் நூற்றுக்குச் சரியாக ஏழு என்று வந்ததாகவும், அதுதான் சந்தேகம் கொடுத்ததாகவும் சொன்னீர்கள். ஒழுங்காக வேலை செய்தால் அதையும் குற்றம் என்கிற காலம். போகட்டும். வரிசையைக் கரைக்கும் சட்டத்தைச் சமாதானத்தோடு எடுத்துவிட்டார்கள். என் சகோதரர்கள் நாற்பது பேரும், என்னையும் சேர்த்து, இன்று உயிரோடு இருக்கிறோம். அதைப் பற்றி இந்த ஒன்பது நாளில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று காலை ஓஷானர் கொடுத்த காகிதத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அவர்களுடைய பழைய ஆவணம். அனுப்பிய உருமாறிகளில் ஒருவர்கூடத் திரும்பாததால், கோரெத்தின் நாசியர்களை ஏமாற்ற வழியில்லை என்று அந்தத் திட்டத்தையே கைவிட்டார்களாம். கைவிட்டது எங்களுக்கு ஊசி போடுவதற்கு ஒரு வருடம் முன்னால். அதற்குப் பிறகு ஒருவரைக்கூட அனுப்பவில்லையாம். நான் இடிந்துபோவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்தீர்கள். நான் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். யோசித்துப் பார்க்கத்தான் கேட்டேன்.

யோசித்துவிட்டேன். ஊசிக்குப் பிறகு ஏழாம் வாயிலில் நான் கவிழ்த்த கிண்ணங்கள் நானூற்று முப்பத்து நான்கு. அந்த நானூற்று முப்பத்து நான்கு பேரும் நம்மவர்கள், அவர்களை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன் என்று எழுத வேண்டும் என்கிறீர்கள். எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அதன் கீழே இன்னொரு வரியும் இருக்க வேண்டும். அதே வருடங்களில் நான் கஞ்சி கொடுத்து உள்ளே விட்டவர்கள் ஐந்தாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு பேர். நீங்கள் படித்த காகிதத்தின்படி அவர்களில் ஒருவர்கூட ஓஷானர் இல்லை. மூக்கே இல்லாமல் பதினோரு வருடம் உட்கார்ந்து, ஓர் எதிரியைக்கூட நான் உள்ளே விடவில்லை.